வெள்ளத்தின் மேல் போட்ட பழி

எங்கள் படங்களை 2015 வெள்ளம் கொண்டுபோகவில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

சென்னை நந்தனத்தில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் ஒன்றாக வளர்ந்த நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் எங்கே கூடினாலும், கல்யாணமோ சாவோ, பேச்சு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சின்ன வயதில் சுவரில் ஒட்டிய படங்களில் வந்து உட்காரும். கபில் தேவ், மரடோனா, பெக்கர், புரூஸ் லீ, ரஜினி. "எல்லாத்தையும் வெச்சிருந்தா இன்னிக்கு என்னா மதிப்பு தெரியுமா" என்று ஒருவன் ஆரம்பிப்பான். "எங்கடா வெக்கிறது, அடையாறு அடிச்சிக்கிட்டுப் போயிடுச்சே" என்று இன்னொருவன் முடிப்பான். எல்லோரும் தலையாட்டுவோம்.

அந்த டிசம்பரில் அடையாறு கரை தாண்டி சைதாப்பேட்டைக்குள்ளும் கோட்டூர்புரத்துக்குள்ளும் நந்தனத்தின் தாழ்வான தெருக்களுக்குள்ளும் புகுந்தது உண்மை. தரைத்தளத்துக்காரர்கள் பத்திரம், சர்டிபிகேட், கல்யாண ஆல்பம் என்று பறிகொடுத்தார்கள். ஆனால் நாங்கள் இருந்தது இரண்டாம் மாடியிலும் மூன்றாம் மாடியிலும். தண்ணீர் வந்த வருஷத்தில் எங்கள் யார் வீட்டுச் சுவரிலும் ஒரு படம்கூடக் கிடையாது. அதற்கு இருபது வருஷம் முன்பே, வேலை கிடைத்த கையோடும் கல்யாணம் நிச்சயமான கையோடும், நாங்களே கிழித்தோம். நல்ல நிலையில் இருந்ததைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டோம். மிச்சத்தைப் போகியில் கொளுத்தினோம். ஆறு எழுந்து வந்து மறுத்துப் பேசாது என்பதால் பழி அதன் தலையில் போயிற்று.

பிளாக்கை இடித்த நாளில்தான் குட்டு உடைந்தது. ஒருவன் போய் செல்போனில் படமெடுத்து எங்கள் வாட்ஸப் குழுவில் போட்டான். இயந்திரம் முன்சுவரைப் பெயர்த்துவிட்டு நிற்கிறது. மூன்று மாடிகளும் கொலுப்படி மாதிரி தெருவைப் பார்த்துத் திறந்து கிடக்கின்றன. ஒரு வீட்டில் நீலம், ஒரு வீட்டில் ரோஸ். ஒரு வீட்டில், பின்னால் வந்தவர்கள் அடித்த வெள்ளை செதில் செதிலாக உரிந்து, அடியிலிருந்து எங்கள் காலத்துப் பச்சை டிஸ்டம்பர் எட்டிப் பார்க்கிறது. அந்தப் பச்சையில் ஒரு நீள்சதுரம் மட்டும் வெயில் படாத கரும்பச்சை. அதன் நான்கு மூலைகளிலும் காய்ந்த சோற்றின் பழுப்புப் பொருக்கு.

மூன்று நாள் விவாதம். "அது கபில் இருந்த இடம்." "போடா, கபில் கதவுக்குப் பின்னால. இது பெக்கர்." "இல்ல, இது காலண்டர் மாட்டின இடம், ஆணி ஓட்டை தெரியுது பாரு." பழைய ஆல்பங்களைத் தேடினோம். பிறந்த நாள், பூணூல், வளைகாப்பு என்று எல்லாப் போட்டோவிலும் ஆட்கள்தான் இருந்தார்கள், சுவர் இல்லை. அந்தச் சதுரத்தில் என்ன படம் இருந்தது என்று கடைசிவரை முடிவாகவில்லை. வருஷக்கணக்காக உருகி உருகிப் பேசியவர்களுக்கு எந்தப் படத்துக்காக உருகினோம் என்பது தெரியவில்லை.

எங்கள் பேட்டைக்குக் கவனக்குறைவு புதிதில்லை. நந்தனம் என்பது ஒரு வருஷத்தின் பெயர். அறுபது தமிழ் வருஷங்களில் நந்தன வருஷம் 1952-இல் பிறந்தபோது ராஜாஜி முதலமைச்சராக இருந்தார். புதிதாக உருவான இந்தப் பகுதிக்கு அந்தப் பெயரை வைத்தவர் அவர்தான். சுற்று முடிந்து நந்தன வருஷம் திரும்பி வந்தது 2012-இல். ஊருக்குச் சஷ்டியப்தபூர்த்தி. எங்களில் ஒருவனும் கவனிக்கவில்லை. அந்தச் சித்திரை ஒன்றாம் தேதி நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தால், ஐபிஎல் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

இன்னொரு விஷயத்தையும் நேர் செய்துகொள்ளலாம். "பெட்ரூம் சுவரில் ஒட்டிய போஸ்டர்" என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். சினிமாவில் பார்த்துப் பார்த்து அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. யாருக்கு இருந்தது பெட்ரூம்? சிட்டி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் காலத்திலும் சரி, 1961-இல் அது வீட்டுவசதி வாரியமான பிறகும் சரி, எங்களைப் போன்ற குமாஸ்தா வீடுகளுக்குக் கிடைத்தது ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. (டிரஸ்டின் முதலெழுத்துகள்தான் பக்கத்து சி.ஐ.டி. நகரில் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கின்றன. போலீசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஆட்டோக்காரர்களுக்கு விளக்கியே என் இளமை கழிந்தது.) அறையில் அப்பாவின் கட்டில், பீரோ, தையல் மிஷின், பாட்டியின் பெட்டி. பிள்ளைகள் கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுப்போம். 'என் சுவர்' என்பது கதவைத் திறந்தால் மறைந்துபோகிற மூன்றடி. அந்த மூன்றடிக்கு நான் போட்ட சண்டைக்கு ஒரு நிலப் பட்டாவே வாங்கியிருக்கலாம்.

படங்கள் வந்த வழியையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மவுண்ட் ரோட்டில் 'தி இந்து' நிறுவனத்திலிருந்து 1978-இல் 'ஸ்போர்ட்ஸ்டார்' வரத் தொடங்கியது. ஆங்கிலம் பாதிக்கு மேல் புரியாது. அதனால் என்ன, நடுப்பக்கத்தை இரண்டாக விரித்தால் முழு வண்ணத்தில் ஓர் ஆள். எங்கள் வீடுகளில் அதைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் ஒன்றிரண்டு பேர். மற்றவர்களுக்கு லெண்டிங் லைப்ரரியும் சலூனும். லைப்ரரியில் எடுத்துவந்து, பேனாக்கத்தி நுனியால் பின்னை நிமிர்த்தி, நடுத்தாளை உருவிக்கொண்டு, பின்னை மறுபடி மடக்கித் திருப்பிக் கொடுப்போம். லைப்ரரிக்காரர் பக்கங்களை எண்ணிப் பார்க்கத் தொடங்கியபோது சலூனுக்கு மாறினோம். அங்கே முடி வெட்டிக்கொள்ள வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே சட்டைக்குள் போய்விடும். அந்த வட்டாரத்தில் நடுப்பக்கம் உள்ள ஸ்போர்ட்ஸ்டார் ஒன்றுகூட இருந்திருக்காது. அடுத்து உட்கார்ந்தவன் பாதியில் அறுந்த கட்டுரையைப் படித்துவிட்டு எங்களை வைதிருப்பான்.

பாண்டி பஜார் பிளாட்பாரத்தில் வேறு ரகம். ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டி நிறுத்தியிருப்பார்கள். கன்னத்தில் கை வைத்த வெள்ளைக்காரக் குழந்தை, ஓடும் ஏழு குதிரைகள், பனிமலை அருவி, புரூஸ் லீ, மைக்கேல் ஜாக்சன். குழந்தையும் குதிரையும் அப்பாவின் அனுமதியோடு கூடத்துக்குப் போகும். மற்றவை கதவுக்குப் பின்னால்.

ஆணி அடிக்கக் கூடாது, அரசாங்கச் சுவர், காலி செய்யும்போது பிடித்துக்கொள்வார்கள் என்பது அப்பாவின் சட்டம். பசை வாங்கக் காசு கிடையாது. மதியம் வடித்த சோற்றில் ஒரு கைப்பிடி, குழையக் குழைய மசித்து, நான்கு மூலையிலும் நடு மடிப்பிலும் தடவி, துணியை உருட்டி நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவிவிட்டால் காற்றுக்குமிழி இல்லாமல் உட்காரும். மழைக்காலத்தில் சுவர் வேர்க்கும். காலையில் எழுந்து பார்த்தால் மரடோனா இடுப்புக்கு மேல் குனிந்து எங்கள் காலைத் தொட்டுக்கொண்டிருப்பார். சோற்று வாசனைக்கு எறும்பு வரிசை கட்டும். தெருவில் மாடுகள் மைதாப் பசைக்காகச் சினிமா போஸ்டரை உரித்துத் தின்றதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. மயில்துத்தம் கலந்தால் பூச்சி வராது என்று போஸ்டர் ஒட்டுகிறவர் ஒருவர் சொன்னார். நாங்கள் எங்கே போவது துத்தத்துக்கு.

இவ்வளவு பாடுபட்டு யாரை ஒட்டினோம் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். 1986 ஜூனில் மெக்சிகோவில் இங்கிலாந்துக்கு எதிராகக் கையால் ஒன்றும் காலால் ஒன்றுமாக மரடோனா அடித்தார். அடுத்த மாதமே எங்கள் பிளாக்கில் ஏழு வீட்டில் மரடோனா. அர்ஜென்டினா எந்தப் பக்கம் என்று அட்லஸில் தேடித்தான் தெரிந்துகொண்டோம். ஆனால் எங்கள் மதில் சுவருக்கு அந்தப் பக்கம், எகிறிக் குதித்தால் போய்விடலாம் என்கிற தூரத்தில் இருந்தது ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. 1920-இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் தொடங்கியது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய அணியின் மேலாளராகப் போனவர் அவர். அந்த மைதானத்தில்தான் நாங்கள் தினமும் திருட்டுத்தனமாகக் கிரிக்கெட் ஆடினோம். காவலாளி விரட்டிய பாதையெல்லாம் நினைவிருக்கிறது. பக் யார் என்று ஒருவனும் கேட்டதில்லை.

1980-இல் மாஸ்கோவில் இந்திய ஹாக்கி அணி ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் வாங்கியது. அணித் தலைவர் வாசுதேவன் பாஸ்கரன், சென்னைக்காரர். அவர் படம் யார் சுவரில் இருந்தது? யார் சுவரிலும் இல்லை. பத்திரிகையில் வந்திருக்கும், நாங்கள் புரட்டிவிட்டுப் போயிருப்போம். 1976-இல் இந்தியப் பெண்கள் முதன்முதலாக டெஸ்ட் ஆடியபோது அணியை நடத்திய சாந்தா ரங்கசாமி 1954-இல் இதே சென்னையில் பிறந்தவர். மறு வருஷம் நியூசிலாந்தில், டனிடினில், இந்தியப் பெண்கள் டெஸ்டில் முதல் சதத்தை அடித்தவரும் அவரே. ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் இது எனக்குத் தெரிய வந்தது. பி.டி. உஷா ஒன்றிரண்டு வீட்டில் இருந்தார்; லாஸ் ஏஞ்சல்ஸில் நொடியில் நூற்றில் ஒரு பங்கு பின்தங்கிப் பதக்கத்தை இழந்த பிறகு ஒட்டினோம். ஜெயித்தால் மரடோனா, தோற்றால் உஷா என்று ஒரு கணக்கு இருந்தது போல.

பத்திரிகை போடவில்லை, கடையில் விற்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் சுவரின் சொந்தக்காரர்கள் நாங்கள். பின்னைப் பிரித்தது எங்கள் கை.

சரி, ஒட்டிய படத்தையாவது ஒழுங்காகப் பார்த்தோமா? 1983 ஜூன் 25, லார்ட்ஸ் மாடத்தில் கோப்பையோடு கபில். கண்ணை மூடினால் கோட்டின் பொத்தான்வரை தெரியும் என்று பீற்றிக்கொள்கிற படம். அந்த இறுதி ஆட்டத்தைப் படமெடுத்தவர்களில் பேட்ரிக் ஈகர் என்ற ஆங்கிலேயர் ஒருவர் என்பதும், கிரிக்கெட் புகைப்படத்தில் அவர் ஒரு பெரிய கை என்பதும் எனக்குத் தெரிந்தது நாற்பது வயதுக்கு மேல். எங்கள் சுவரில் இருந்தது அவர் எடுத்ததா, வேறொருவர் எடுத்ததா? பெயர் சின்ன எழுத்தில் ஓரத்தில் அச்சாகியிருக்கும். அந்த ஓரத்தைத்தான் நாங்கள் நேராக இருக்கட்டும் என்று பிளேடு போட்டு வெட்டினோம்.

மூன்றாம் மாடியில் தொழிற்சங்கத்துக்காரர் வீட்டில் சே குவேரா இருந்தார், தொப்பியும் நட்சத்திரமுமாக. உலகத்தில் அதிகம் அச்சான முகங்களில் ஒன்று. 1960 மார்ச்சில் ஹவானாவில் அதை எடுத்த ஆல்பர்ட்டோ கோர்டாவுக்குப் பல பத்தாண்டுகள் ஒரு காசு ராயல்டி வந்ததில்லை. ஆக, இந்த வியாதி நந்தனத்துக்கு மட்டும் உரியதல்ல. அதைச் சொல்லி ஆறுதல் அடையவும் எனக்கு மனமில்லை, ஏனென்றால் கோர்டா கியூபாவில் இருந்தார். நான் இப்போது சொல்லப்போகிறவர் பக்கத்தில் பிறந்தவர்.

எங்கள் கூடத்தில் நாங்கள் ஒட்டாத படம் ஒன்று இருந்தது. மளிகைக் கடையில் பொங்கலுக்குக் கொடுத்த காலண்டர். வள்ளி தெய்வானையோடு முருகன், பின்னால் மயில், அதற்கும் பின்னால் எந்த ஊர் என்று தெரியாத மலையும் அருவியும், கீழே கடையின் பெயர். வருஷம் முடிந்து தேதித்தாள் தீர்ந்த பிறகும் படத்தை அம்மா கழற்றவில்லை. எங்களுக்கு அது வெட்கமாக இருந்தது. வருகிற நண்பர்கள் என்ன நினைப்பார்கள்? "காலண்டர் ஆர்ட்" என்று வாயைக் கோணிக்கொண்டு சொல்லக் கல்லூரியில் கற்றுக்கொண்டிருந்தோம். ஒரு வருஷம் நோட்டுக்கு அட்டை போட பிரவுன் தாள் கிடைக்காதபோது முருகனைக் கழற்றி, முகம் உள்பக்கம் போகும்படி மடித்து, பிசிக்ஸ் ரெக்கார்டுக்குப் போட்டேன். காலியான இடத்துக்குப் பெக்கர் வந்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. விளக்கேற்றும்போது அந்தப் பக்கம் திரும்பி, ஒரு கணம் நின்று, பிறகு சமையல்கட்டு அலமாரிக்குப் போனாள். அன்றிலிருந்து விளக்கு அங்கேதான்.

அந்த மாதிரிப் படங்களின் கீழ் மூலையில் ஒரு பெயர் இருக்கும். சி. கொண்டைய ராஜு. 1898-இல் மயிலாப்பூரில் பிறந்தவர், எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் கால் மணி நேரம். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, ரமணாசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டே ஊர் ஊராகப் போய், கடைசியில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். பக்கத்தில் சிவகாசி. லித்தோ அச்சகங்கள் அவர் வரைந்த முருகனையும் லட்சுமியையும் சரஸ்வதியையும் தமிழ்நாட்டின் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தன. தேவி ஆர்ட் ஸ்டூடியோவில் அவரிடம் கற்ற டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் முதலானவர்கள் அந்தத் தொழிலைத் தொடர்ந்தார்கள். பல படங்களில் குருவின் பெயரோடு சீடரின் பெயரும் சேர்ந்தே இருக்கும். அவர் சீடனின் பெயரையும் போட்டார். நாங்கள் இருவர் பெயரையும் படிக்கவில்லை. 1976-இல் அவர் காலமானார். தமிழர்களின் மனத்தில் முருகனுக்கு ஒரு முகம் இருக்கிறது என்றால் அதில் பாதி இவர் கை வைத்தது. இவரைப் பற்றித் தேடிப் போய் ஆராய்ந்து விரிவாக எழுதியவர் ஸ்டீபன் இங்கிலிஸ், கனடாக்காரர். அதைப் படித்துத்தான் எங்கள் கூடத்துப் படத்தை நான் பார்த்தேன். படம் அப்போது இல்லை.

தெருவுக்கு வந்தாலும் இதே கதை. அண்ணா சாலையில் நந்தனத்திலிருந்து அண்ணா மேம்பாலம் வரை பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும், நகரத்தின் மிகப் பெரிய போஸ்டர்களை இலவசமாகப் பார்க்கலாம். எல்லாம் கையால் எழுதியவை. ஸ்டில் போட்டோவில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில் பெரிதாக இழுத்து, ஒருவர் மூக்கும் ஒருவர் கண்ணுமாகச் சாரத்தில் நின்று எழுதுவார்கள். கன்னத்தில் ரோஸும் நிழலில் பச்சையும் நீலமும் வைப்பார்கள். கிட்டப் போனால் திட்டுத் திட்டாக இருக்கும், ரோட்டுக்கு எதிர்ப்புறம் நின்றால் சிவாஜி. 1957-இல் 'வணங்காமுடி'க்கு மோகன் ஆர்ட்ஸ் வைத்த சிவாஜி கட்அவுட் 80 அடி உயரம் என்று அப்பா சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். எங்கள் காலத்தில் ஃபிளெக்ஸ் வந்தது. "அச்சு அசலா போட்டோ மாதிரியே இருக்குடா" என்று முதலில் கைதட்டியவர்கள் நாங்கள். அந்தக் கைதட்டலில் எத்தனை பேர் வேலை போனது என்று அப்போது நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் கைதட்டியிருப்போம் என்றுதான் தோன்றுகிறது. சென்னையின் பேனர் ஓவியர்களைப் பற்றி பிரமிண்டா ஜேக்கப் ஒரு முழு நூல் எழுதி அது 2009-இல் வெளிவந்தது. ஆங்கிலத்தில்.

இப்படிச் சொல்லும்போது, சேகரித்து வைக்க நாம் என்ன மியூசியமா என்று குழுவில் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. ஒரு கூடம், ஓர் அறையில் எதை வைப்பது? பதிலுக்கு ஓர் ஆளைச் சொன்னேன். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதுவது தொழில், கடையின் பெயர்தான் ரோஜா. 1950 வாக்கில் தொடங்கி அச்சிட்ட தாள் எது கிடைத்தாலும் எடுத்து வைத்தார்: நாவல், சினிமாப் பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பஞ்சாங்கம், மருத்துவச் சுவடி. பத்திரமாக ஒன்றைக் காப்பாற்றும் வசதி எங்களைவிட அவருக்கு அதிகமில்லை. 1992-இல் அவர் காலமான பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, கடல் கடத்தாமல் சென்னையிலேயே நூலகமாக்கியது. இப்போது தரமணியில் இருக்கிறது. பிரதியே மிஞ்சாத பழைய தமிழ்ப் படங்களைப் பற்றி இன்று ஏதாவது தெரிகிறது என்றால், இப்படி யாரோ எடுத்து வைத்த பாட்டுப் புத்தகமும் நோட்டீஸும்தான் காரணம். முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்', 1931-இல் வந்தது, ஒரு பிரதிகூட இல்லை.

ஊருக்கெல்லாம் போர்டு எழுதிய ஒருவர் எடுத்து வைத்ததை, மாதம் பிறந்தால் சம்பளம் வந்த குடும்பத்துப் பிள்ளைகளான நாங்கள் எரித்தோம். போகி அன்று விடியற்காலையில், பிளாக்குக்குக் கீழே, டயரோடு சேர்த்து. வண்ண மை எரியும்போது பச்சையாகவும் நீலமாகவும் சுடர் வரும். பிள்ளைகள் அதைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். அப்போது நாங்கள் பிள்ளைகள் இல்லை, அவர்கள் எங்கள் அண்ணன் பிள்ளைகள். சில வருஷங்களாக அதே போகி வாரத்தில், அதே ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி நடக்கிறது. நாங்கள் குடும்பத்தோடு போய், பழைய சென்னை, பழைய சினிமா என்று படம் போட்ட புத்தகங்களைப் புரட்டி, "ச்சே, என்ன காலம்" என்று பெருமூச்சு விட்டுவிட்டு, மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டு, மெட்ரோ ஏறி வீட்டுக்குப் போகிறோம்.

எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரு பெண்கூட இல்லை. அந்தப் பச்சைச் சதுரத்துக்கு மூன்று நாள் சண்டை போட்டபோதுதான் இது உறைத்தது. பிளாக்கில் எங்கள் எண்ணிக்கைக்குக் குறையாமல் அக்காக்களும் தங்கைகளும் இருந்தார்கள். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள். அவர்களுக்குச் சுவர் எங்கே இருந்தது? "வர்றவங்க பாத்தா என்ன நினைப்பாங்க" என்ற ஒரு வாக்கியம் கூடத்துச் சுவரை மூடியது. எனவே சிலர் நோட்டின் உள்ளட்டையில் ஒட்டினார்கள், சிலர் பெட்டி மூடியின் உள்பக்கத்தில். என் அக்காவுக்குப் பீரோவின் இடது கதவு, உள்பக்கம், அதிலும் புடவை தொங்கி மறைக்கிற பாதி.

பெண் பார்க்க வந்துபோய்த் தட்டு மாற்றிய மறுநாள் மத்தியானம், பீரோவைத் துடைக்கச் சொன்னாள் அம்மா. அக்கா ஈரத்துணியை வைத்து ஊறவிட்டு, தோசைத் திருப்பியால் சுரண்டினாள். தகரத்தில் அது கிறீச்சிட்டது. செல்லோடேப் ஒட்டிய ஓரங்கள் வரவில்லை, நகத்தால் பிறாண்டினாள். நகக்கண்ணில் காகிதத் துணுக்கு சிக்கி, வாயில் வைத்து எடுத்துத் துப்பினாள். நான் அங்கேதான் நின்றிருந்தேன். படத்தில் ஒரு கை தெரிந்தது, மணிக்கட்டில் கடிகாரம். ஆணா பெண்ணா, நடிகரா ஆட்டக்காரரா, கவனிக்கவில்லை. நான் அவளிடம் கேட்டது ஒன்றுதான். செல்லோடேப் ரோல் மிச்சம் இருக்கிறதா, பெக்கருக்கு ஒரு மூலை பிரிந்துவிட்டது.

இதை எழுத உட்கார்ந்தபோது அக்காவுக்குப் போன் செய்தேன். இப்போது அவள் பேரன் பேத்தி எடுத்துவிட்டாள், மடிப்பாக்கத்தில் இருக்கிறாள். பிளாக்கை இடித்த படத்தை அனுப்பினேன், பார்த்தாளாம்.

"அக்கா, உன் பீரோக் கதவுல என்ன படம் ஒட்டியிருந்தே?"

கொஞ்ச நேரம் மிக்ஸி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. "இப்ப எதுக்குடா அது?"

"எழுதறேன். நம்ம வீட்டுச் சுவர்ல இருந்த படங்களைப் பத்தி."

"நம்ம வீட்டுச் சுவரா, உன் சுவர்னு சொல்லு. எழுதேன், யார் வேணாம்னா. அதெல்லாம் ஒட்டறதுக்கு உனக்குச் சோறு மசிச்சுக் குடுத்தது நான். அதையும் எழுது."

எழுதிவிட்டேன். கதவில் இருந்தது என்ன படம் என்று அவள் கடைசிவரை சொல்லவில்லை.